ஏழு பேர் தூங்கிய குகையும் ஹாஜியாரின் கடைவாசலும்

எங்கள் வீட்டுக் கேற்றில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அம்பிட்டியவில் எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற எல்லோருக்கும் அதைத் தெரியும். மாநகர சபையில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை அதை அங்கே மாட்டினேன். நாளுக்கு ஒரு புனிதர். பெயர், ஊர், இறந்த ஆண்டு, இறந்த விதம். நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை. பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிற மனிதருக்கு நான்கு வரிதான் தாங்கும். கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் ஐந்து நூற்றாண்டுகளைத் தாண்டி நான் வருவதுமில்லை. பிற்காலத்துப் புனிதர்களுக்குப் புகைப்படம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்கு நான் தேவையில்லை.

என் மனைவிக்கு இந்தப் பலகை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அவள் புசல்லாவைக்காரி, முப்பது வருடம் டீச்சராக இருந்தவள், கரும்பலகையைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் உண்டு. "பிள்ளைங்க இடியப்பம் சாப்பிட்டுட்டு வந்து பஸ்ஸுக்கு நிக்குதுங்க. அதுங்க முன்னாடி காலங்காத்தால ஒருத்தர தோலுரிக்கணுமா?" என்று கேட்டாள். அன்று ஓகஸ்ட் 24, உயிரோடு தோலுரிக்கப்பட்ட பர்த்தலோமேயு அப்போஸ்தலரின் நாள். நான் என்ன செய்ய முடியும்? அவர் போர்வைக்குள் படுத்து இறந்திருந்தால் அப்படியே எழுதியிருப்பேன்.

வாசகர்களும் சும்மா இருக்கவில்லை. ஜனவரி 20 அன்று, செபஸ்தியார் அம்பு பட்டு இறக்கவில்லை, அம்புக்குத் தப்பிப் பிழைத்துப் பிறகு தடியடியில்தான் இறந்தார் என்று எழுதினேன். மூன்று பேர் கேற்றைத் தட்டி, படத்தில் அம்பு இருக்கிறதே என்று சண்டை பிடித்தார்கள். பழைய நாட்காட்டியின்படி ஜனவரி 5 தூண் சிமியோனின் நாள். முப்பத்தாறு வருடம் ஒரு தூணின் உச்சியிலேயே வாழ்ந்தவர் என்று எழுதிய அதே காலை, எதிரே மின்கம்பத்தில் ஒருவர் ஏறி வயர் திருத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பலகையைப் படிப்பதும் அவரை அண்ணாந்து பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒரு தாதிப் பெண் கீழேயிருந்து, "அண்ணே, நீங்க எப்ப எறங்குறதா உத்தேசம்?" என்று கேட்டதும் மனுஷனின் கையிலிருந்த குறடு நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது 2023ஆம் ஆண்டின் ஜூலை, ஓகஸ்ட் விவகாரம்.

எங்கள் கேற்றுக்கு நேர் எதிரே, றோட்டின் மறுபக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. முதலாளியை ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். என் மனைவிக்கு மட்டும் அவர் 'நானா', அண்ணன் முறை. கடையின் முன்பக்கத்தில், வாசலை ஒட்டி, ஐஸ்கிரீமும் கோழியும் வைக்கிற பெரிய ஃப்ரீசர் ஒன்று நின்றது. அதன் மோட்டார் விடுகிற சூட்டுக் காற்று வாசற்படியின் மேல் வீசும். அம்பிட்டியக் குளிரில் அந்தப் படிதான் இந்த றோட்டிலேயே கதகதப்பான இடம். இதை முதலில் கண்டுபிடித்தது ஒரு நாய்.

செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது, யாருடைய நாயும் இல்லை. சாப்பாடு எங்கள் வீட்டில், தூக்கம் ஹாஜியாரின் வாசலில். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, வாசலின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு படுக்கும். தேங்காய் வாங்க வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

ஹாஜியார் கொடுமைக்காரர் இல்லை. ஒரு நாளும் அதன்மேல் கல்லெடுத்ததில்லை. சொட்டு நீலம் கரைத்த தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வாசலில் அடுக்கினார். நீலப் போத்தலைக் கண்டால் நாய் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நாய் ஒரு போத்தலின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை நடுவில் ஒரு மழை நாளில், அவர் பின்னேர அஸர் தொழுகைக்கு வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு கிளம்பிய நேரத்தில், நாய் நனைந்து வந்து அவர் காலடியில் நின்று உடம்பை உதறியது. நாயின் ஈரம் பட்ட உடையோடு தொழ முடியாது. அவர் திரும்பிப் போய்க் கழுவி உடை மாற்றி வருவதற்குள் பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகை முடிந்துவிட்டது. அன்று மாலையே முடிவெடுத்துவிட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை கடுகண்ணாவையிலிருந்து தேங்காய் லொறி வரும். திரும்பிப் போகிறபோது அது நாயையும் ஏற்றிக்கொண்டு போய்க் கணவாய்க்கு அப்பால் விட்டுவிடும். "அங்க ஹோட்டல் மிச்சம் ஈக்குது. எலும்புக்குப் பஞ்சமில்ல. இங்க ஈக்கிறதவிட நல்லா ஈக்கும்" என்றார், ஏதோ மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி.

இதைக் கேட்டு மனைவி இடிந்துபோனாள். அவள் தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போகிறவள். எங்கள் வீட்டிலிருந்து பங்குக் கோயிலுக்கு இறங்குகிற குறுக்குப்பாதையில் விடியும் முன்னே காட்டுப்பன்றிகள் வரும். என் முழங்கால் அந்தப் படிகளுக்குச் சம்மதிப்பதில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு முன்னால் நடந்து பன்றிகளைக் கலைத்துக்கொண்டு போவது அந்த நாய்தான். பூசை முடியும்வரை கோயில் வாசலில் கிடந்து, அவளோடு திரும்பி வந்து, பிறகு ஹாஜியாரின் படிக்குப் போகும். நாய் போனால் அவளுடைய பூசையும் போயிற்று.

"நானா, அத அனுப்பிட்டா நான் யாரோட கோயிலுக்குப் போறது?" என்று கடைக்குப் போய்க் கேட்டாள்.

"அப்ப ஒங்கட வீட்டுல கட்டுங்க டீச்சர். நான் வேணாம்னா சொன்ன?"

கட்டிப் பார்த்தோம். சாக்கு விரித்து, என்னுடைய பழைய ஸ்வெட்டரையும் போட்டு, பின் விறாந்தையில் கட்டினோம். அது கயிற்றைக் கடித்துக்கொண்டு படியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஸ்வெட்டரையும் கூடவே கொண்டுபோயிருந்தது.

இந்த நிலைமையில்தான் ஜூலை 27, வியாழக்கிழமை, வந்தது. நாட்காட்டியில் என்ன இருந்ததோ அதைத்தான் எழுதினேன், வேறு எண்ணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

"எபேசு நகரின் ஏழு தூங்கிகள். மன்னன் தேசியஸின் கொடுமைக்குப் பயந்து (கி.பி. 250 அளவில்) ஒரு குகைக்குள் போய்த் தூங்கிய இளைஞர்கள். இரண்டாம் தியோதோசியஸ் காலத்தில் (ஐந்தாம் நூற்றாண்டு) எழும்பினார்கள். ஒருவர் பசிக்குப் பாண் வாங்கப் போய்ப் பழைய காசால் பிடிபட்டார். பிறகு எல்லோரும் நிரந்தரமாகத் தூங்கினார்கள்."

ஹாஜியார் என் பலகையைக் கல்லாவில் இருந்தபடியே படிப்பார். அபிப்பிராயம் சொன்னதில்லை. அன்று கடையை விட்டு இறங்கி, நாயைத் தாண்டி, றோட்டைக் கடந்து வந்தார்.

"கிளாக்கரையா, இது எங்கட ஆக்களாச்சே?"

"எங்க ஆளுங்கன்னுதான் நான் நெனச்சேன்" என்றேன்.

"குர்ஆன்ல கஹ்ஃப் சூராவுல வார ஆக்கள். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை ஓதுறேன், எனக்குத் தெரியாதா? எல்லாம் சரி. நாய் எங்க?"

"எந்த நாய்?"

"அவங்கட நாய்! நீங்க ஏழுன்னு அடிச்சு எழுதீக்கிறீங்க. எத்தின பேர்னு அல்லாஹ்தான் அறிவான். மூணு பேர்னு சொல்றவங்களும் நாய் நாலாவதும்பாங்க. அஞ்சும்பாங்க, நாய் ஆறாவது. ஏழும்பாங்க, நாய் எட்டாவது. ஆக்கள்ட கணக்குக் கூடிக் கொறையலாம். நாய்ட கணக்கு மாறல்ல."

எங்கள் பக்கத்துக் கதையில் நாய் இல்லை என்று சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு எத்தனை வருடம் தூங்கினார்கள் என்று கேட்டார். மன்னர்களின் காலத்தை வைத்துப் பார்த்தால் இருநூறுக்குச் சற்றுக் குறைவு என்றேன்.

"ஒங்கட கணக்குல தூக்கம் கொறையுதே! முந்நூறு, அதோட ஒம்பது."

முந்நூறு சூரிய வருடம் என்பது ஏறக்குறைய முந்நூற்றொன்பது சந்திர வருடம். சுண்ணக்கட்டியை எடுத்துக் கேற்றின் தூணிலேயே அதைப் பெருக்கி வகுத்துக் காட்டினேன். பஸ் வந்து நின்று போனது. ஏறவேண்டிய இரண்டு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்று அதைத் தவறவிட்டார்கள்.

"கணக்குச் சரிதான். ஆனா ஒண்ணு" என்றார் ஹாஜியார். "அந்தப் பாண் கடைக்காரன எல்லாரும் ஏசுறாங்க. அவன் செஞ்சது சரி. செல்லாத காச எடுத்துக்கிட்டு வந்து பாண் கேட்டா நானும் புடிச்சுத்தான் குடுப்பேன்."

மனைவி இதையெல்லாம் கேற்றுக்கு உள்ளே, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வெளியே வந்தாள்.

"நானா, நீங்க சொல்ற அந்த நாய் குகையில எந்தப் பக்கம் படுத்திருந்துச்சு?"

"வாசல்ல."

"எப்படிப் படுத்திருந்துச்சு?"

"முன்னங்கால் ரெண்டையும் நீட்டி…" என்று தொடங்கிய ஹாஜியார் நிறுத்திவிட்டுத் திரும்பித் தன் கடையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேரும் பார்த்தார்கள். வாசலில் நாய் முன்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"அது வேற நாய், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து அவர் திரும்பி வருவதை மனைவி ஜன்னலில் இருந்து பார்த்து எனக்குச் செய்தி வாசித்தாள். "வாராரு. படிக்கிட்ட நிக்கிறாரு. நாயப் பாக்குறாரு. சாரத்தத் தூக்கிப் புடிக்கிறாரு. தாண்டிட்டாரு." லொறியை வேண்டாமென்று சொன்னதாகத் தகவல் இல்லை.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது அவளுடைய கோபம் என் பக்கம் திரும்பியது. "நீங்க மொதல்லயே நாயப் போட்டிருந்தா ஊரே பாத்திருக்கும். நானாவுக்கும் மனசு வந்திருக்கும்."

"ஆதாரம் இல்லாத நாயைப் பலகையில ஏத்த முடியாது."

"ஜனவரியில ரெண்டு சிங்கம் வந்து ஒருத்தருக்குக் குழி வெட்டிச்சுன்னு எழுதினீங்களே?"

அது முதலாவது வனவாசி பவுல், ஜனவரி 15, அந்தச் சிங்கங்களுக்கு நான்காம் நூற்றாண்டு எழுத்து ஆதாரம் இருக்கிறது என்று விளக்கினேன்.

"சிங்கத்துக்கு ஆதாரம் இருக்கு, நாய்க்கு இல்ல. ஒரு அலுமாரி நெறயப் புத்தகம் வாங்கி வச்சிருக்கீங்க. போய்த் தேடுங்க."

தேடினேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் எபேசுக்குப் போனவர்கள், போகாமலே எழுதியவர்கள் எல்லோரையும் புரட்டினேன். காவல் நின்ற வானதூதர் கிடைத்தார். குகையை அடைத்த கல் கிடைத்தது. நாய் கிடைக்கவில்லை. மனைவி தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம், "இன்னும் குலைக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

செவ்வாய்க்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. றோட்டில் சத்தமில்லை. அன்று மத்தியானம், புனித பூமிக்குப் போய்வந்த ஆறாம் நூற்றாண்டுப் பயணி ஒருவரின் குறிப்பில் அகப்பட்டது. ஊர், அங்கே இருப்பது என்ன என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிற வறண்ட குறிப்பு. எபேசுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரிக்குள் தூங்குகிற ஏழு சகோதரர்களையும், அவர்களுடைய காலடியில் ஒரு குட்டி நாயையும், நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார். ஏழு பேரில் ஒருவருடைய பெயரையும் அந்த மனிதர் சொல்லவில்லை. என்னைப்போலவே அளந்து எழுதுகிற ஆள், நாய்க்கு மட்டும் மனமிரங்கியிருக்கிறார்.

சத்தம் போட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "அப்ப இப்பவே போய் எழுதுங்க" என்றாள்.

அங்கேதான் அடுத்த சிக்கல். ஓகஸ்ட் முதலாந் திகதியில் ஜூலை 27க்குரியவர்களை எப்படி எழுதுவது? ஒருவருடைய நாளில் இன்னொருவரை வைத்தால் பிறகு நாட்காட்டி என்று ஒன்று எதற்கு? அவள் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் நாட்காட்டி மனிதரைக் கைவிடுவதில்லை. கிழக்குச் சபைகள் இந்த ஏழு பேரையும் வேறு இரண்டு நாட்களில் கொண்டாடுகின்றன, ஓகஸ்ட் 4இலும் ஒக்டோபர் 22இலும். ஓகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை. லொறி சனிக்கிழமை. எங்கள் பக்கத்து நாட்காட்டியில் ஓகஸ்ட் 4க்கு உரியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர், பங்குக் குருக்களின் பாதுகாவலர். என் எல்லைக்கு அப்பாற்பட்டவர். ஆக, பலகை காலி.

வெள்ளி காலை எழுதினேன். முன்பு எழுதியதைச் சுருக்கி, கடைசி வரியை நாய்க்குக் கொடுத்தேன்: "இவர்களோடு ஒரு நாயும் படுத்திருந்ததாக ஆறாம் நூற்றாண்டுப் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார், குர்ஆனும் அப்படியே சொல்கிறது." மனைவி பூசை முடிந்து வந்து படித்துவிட்டு, சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி, 'நாய்' என்ற சொல்லின் மேல் மறுபடி அழுத்தி எழுதினாள்.

ஏழு மணி பஸ்ஸுக்கு வந்தவர்கள் படித்தார்கள், திரும்பிக் கடைவாசலைப் பார்த்தார்கள். அந்தத் தாதிப் பெண்தான் கூப்பிட்டுச் சொன்னாள். "ஹாஜியார், ஒங்க நாய் பலகையில வந்திருக்கு!"

"அது என்ட நாய் இல்ல புள்ள!"

இருந்தாலும் வந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் வென்ற களையும் அகப்பட்டுக்கொண்ட களையும் ஒரே நேரத்தில் வந்து போயின.

"நாயச் சேத்தது சரி கிளாக்கரையா. நான் சொன்னது உண்மையாப் பெய்த்து. ஆனா அத இன்டைக்குத்தான் சேக்கணுமா?"

"இன்னைக்குத்தான் நாள்" என்றேன்.

அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் நாயைப் பற்றிப் பேசினார்களாம். ஜும்மாவுக்குப் போன இடத்திலும் ஒருவர், "ஹாஜியார், ஒங்கட வாசல்ல ஆள் எழும்பிட்டாரா?" என்று கேட்டாராம். பங்குத்தந்தையும் சும்மா விடவில்லை. மாலையில் போன் செய்து, "என் பாதுகாவலரோட திருநாள்ல நாயப் போட்டிருக்கீங்களாமே?" என்று கேட்டார். எல்லைக் கோட்டை விளக்கினேன். அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு லொறி வந்தது. மனைவி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் சோற்றுக் கிண்ணம் இருந்தது. தேங்காயை இறக்கி முடித்த டிரைவர், கடுகண்ணாவைக்காரர், ஒரு சாக்கை உதறிக்கொண்டே சொன்னார்: "முதலாளி, ஏத்தச் சொன்னா ஏத்துறேன். ஆனா ஒரு வார்த்த. கண்டியில இருக்கிறவங்க எல்லாரும் நாயக் கொண்டாந்து எங்க ஊர்லதான் விடுறாங்க. எங்க கடைத் தெருவுல மனுசன் நடக்க எடமில்ல. அடுத்த தடவ நான் வரும்போது அங்கேருந்து ரெண்ட ஏத்திக்கிட்டு வாறேன், சரிக்குச் சரியாப் போகும்."

"யாரு ஒன்ன ஏத்தச் சொன்ன?" என்றார் ஹாஜியார்.

"நீங்கதான முதலாளி போன்ல சொன்னீங்க?"

"போன்ல சொன்ன. இப்பச் சொன்னேனா? சாக்க வெச்சிட்டு உள்ள வா. இந்த ஃப்ரீசரத் தள்ளணும்."

இருவருமாக, நடுவில் கடைப் பையனையும் நிறுத்தி, ஃப்ரீசரை வாசலில் இருந்து பக்கச் சுவருக்கு நகர்த்தினார்கள். அந்தச் சுவரில் காற்றுக்காக வைத்த ஓட்டைக் கற்கள் இருக்கின்றன. அதற்கு வெளியே, கடையை ஒட்டிய குறுகிய ஒழுங்கைப் பக்கம், தாழ்வாரத்தின் கீழே ஒரு துண்டுச் சீமெந்துத் தரை. சூட்டுக் காற்று இனிமேல் அங்கே போகும். ஹாஜியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"வெயில் பட்டா கரண்ட் பில் கூடுதுன்னு சொல்றாங்க. அதுக்குத்தான்."

அந்த வாசலில் வெயில் பட்டு நான் பார்த்ததில்லை. மனைவி என் கையைக் கிள்ளியதால் அதைச் சொல்லவில்லை.

நாய்க்குத் தகவல் போய்ச் சேர நேரமெடுத்தது. ஞாயிறு முழுவதும் பழைய படியிலேயே குளிரில் சுருண்டு கிடந்தது. மனைவி நிம்மதியில்லாமல் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். அது அங்கேயே கிடந்தால் அடுத்த மாதமும் ஒரு லொறி வரும். திங்கள் பின்னேரம் அது எழுந்து, மூக்கைத் தூக்கி, கடையைச் சுற்றிக்கொண்டு ஒழுங்கைக்குள் போனது. ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டு போகத் திரும்பவும் ஒருமுறை வந்தது. ஹாஜியார் நாய் படுத்த வாசலை, மார்க்கம் சொல்கிற முறைப்படி, மண் போட்டு ஏழு தடவை கழுவி, வருடங்களுக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து உள்ளே போனார். நீலப் போத்தல்களை எங்களிடம் கொடுத்தார். குரங்கை விரட்டப் பயன்படுமாம். பயன்படவில்லை.

ஒக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது முறையாகத் தூங்கிகளை எழுதினேன். ஹாஜியார் கூப்பிடாமலே வந்தார்.

"நாய்ட பேர எழுதல்லியே? கித்மீர்னு பெரியவங்க சொல்லுவாங்க."

என் பயணி விரிக்கானுஸ் என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. எது சரியென்று நாயிடமே கேட்டுவிடலாம் என்று இருவரும் ஒழுங்கைக்குப் போனோம். அவர் கித்மீர் என்று கூப்பிட்டார். நான் விரிக்கானுஸ் என்று கூப்பிட்டேன். மாறி மாறிக் கூப்பிட்டோம். அது ஸ்வெட்டரின் மேல் முன்னங்கால் இரண்டையும் நீட்டியபடி, ஒரு கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில் றோட்டுக்கு அப்பால் எங்கள் கேற்றின் கொளுக்கி 'டக்' என்றது. ஞாயிறு இரண்டாம் பூசைக்கு மனைவி குடையோடு வெளியே வந்தாள். நாய் எழும்பி, உடம்பை முறித்து, எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து அவளுக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது.